ஐந்தாம் பெட்டி

வைகாசியின் கடைசி முகூர்த்தம்.
ஒன்பதிலிருந்து பத்தரை என்று பத்திரிகையில் போட்டிருந்தாலும்
ஐயர்கள் எல்லாருக்கும் ஒரே கடிகாரம்.
ஒன்பது நாற்பதுக்கு மதுரையைச் சுற்றி
அறுபத்து மூன்று மண்டபங்களில் கெட்டிமேளம்.
திருப்பரங்குன்றத்தில் மட்டும் பதினேழு.

அத்தனையும் காளவாசலில்
மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்,
என் எட்டுப் பெட்டிகளில் வந்து விழும்.
விழுந்த வேகத்திலேயே கிளம்ப வேண்டும்
துபாய்க்கு, திருப்பூருக்கு,
லீவு கிடைக்காத ஜம்முவுக்கு.

ஒரு நொடியை ஏழாக அரிவேன்.
ஏழு பெட்டிக்கு ஏழு துண்டு.
எட்டாவதில் ஏழின் கூட்டுத்தொகை:
ஒன்று தொலைந்தால் மற்றதைக் கழித்து மீட்க.
முதலாளி ஹரிராமுக்கு இதை விளக்கித் தோற்று
கடைசியில் பந்தியைச் சொன்னேன்.
ஒருவர் சோறு, ஒருவர் சாம்பார், ஒருவர் அப்பளம்.
இலை காலியாவதற்குள் அடுத்த கரண்டி விழவேண்டும்,
அவ்வளவுதான் தொழில்.
"எட்டுக்குப் பதினாறு பேரை விட்டா?" என்றார்.
முட்டிக்கொள்வார்கள் சார்,
சமையற்கட்டுக்கு வாசல் ஒன்றுதான்.

ஒன்பது முப்பத்தொன்பதுக்கு
ஐந்தாம் பெட்டி மெதுவானது.
பன்னிரண்டு மில்லிநொடியில் பதில் சொல்வது
ஆயிரத்து நூறு எடுத்துக்கொண்டது.
செத்திருந்தால் சுலபம்.
செத்ததைச் சுற்றிப் போக மற்றவற்றுக்குத் தெரியும்.
இது சாகவில்லை.
கேட்டால் இதோ என்றது, இதோ இதோ என்றது,
சாம்பார் வாளியை இறக்கி வைத்துவிட்டுத்
தெரிந்தவரிடம் ஊர்க்கதை பேசுகிறவனைப் போல.
பந்தி முழுக்க வெறும் சோற்றைப் பிசைந்தபடி
பதினோராயிரம் பேர்.

சுவரில் அறுபத்து மூன்று சதுரங்கள்.
மேலூரில் ஒரு மணப்பெண் பாதிச் சிரிப்பில்.
வாடிப்பட்டியில் அட்சதை ஆகாயத்தில்.
உசிலம்பட்டியில் மஞ்சள் கயிறு
முடிச்சுக்கும் விரலுக்கும் நடுவில்.
விலக்கச் சொல்லி எழுதிய கட்டளைக்கும்
இதோ என்றே பதில்.
எழுந்து போய்ப் பின்பக்கம் கையை விட்டுக்
கேபிளைப் பிடுங்கினேன்.

ஏழும் கழித்தல் கணக்கில் இறங்கின.
விசிறிகள் கத்தின. ஜெனரேட்டர் பக்கமிருந்து
சாகுல் ஓடிவந்து, என்னக்கா, என்றான்.
ஒன்றுமில்லை.
நாலு நொடி.

மூன்று மணிக்கு ஜுபைலிலிருந்து போன்.
"மொக்கராசு பேசுறேன். உசிலம்பட்டிக் கல்யாணம்.
மாப்பிள்ளை என் தம்பி.
ரெண்டாவது முடிச்சோட படம் நின்னுபோச்சுங்க,
மறுபடி வந்தப்போ எல்லாரும் பூ எறியிறாங்க."
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"அதுக்கில்லம்மா.
மூணாவது முடிச்சு யார் போட்டான்னு பார்க்கணும்.
எங்க அக்கா பவுன்தாய்தான் போடணும்.
அவளும் தம்பியும் பேசி ஆறு வருசம்.
போன்ல கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

தேடினேன்.
அந்த நொடியின் ஆறு துண்டுகள் ஆறு பெட்டியில்,
கூட்டுத்தொகை எட்டில்.
ஐந்தாம் பெட்டியின் பங்கு எழுதப்படவே இல்லை.
எட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தேன்.

ஒரு கை வந்தது.
பச்சைக் கண்ணாடி வளையல், ஆள்காட்டி விரலில்
தையல் ஊசி குத்திய பழைய கறுப்பு.
தம்பியின் விரலைத் தொடாமல்
கயிற்றின் நுனியை மட்டும் எடுத்தது.
முடிச்சு நழுவியது.
மறுபடி போட்டது, இறுக்கி.

எந்தப் பெட்டியிலும் இல்லாத அந்த முடிச்சை
ஜுபைலுக்கு அனுப்பிவைத்தேன்.
போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது,
பதில் வரவில்லை.

நாலரைக்கு, கூட்டம் வடிந்த பிறகு,
ஐந்தாம் பெட்டிக்குக் கேபிளைத் திரும்பச் செருகினேன்.
கொஞ்ச நேரம் உறுமிவிட்டு
மிகவும் பணிவாக ஒரு வரி எழுதியது:
காலை ஒன்பது நாற்பதின் துண்டு,
பெற்றுக்கொள்ளத் தயார்.